குடலில் வாழும் விருந்தினர்

விருந்தோம்பல் தமிழர் போற்றிய அறங்களுள் தலையாய ஒன்றென்பதை நாம் இளமைதொட்டுக் கற்று வருகின்றோம். வாயிலில் வந்து நிற்பார்க்கு உணவளியாது தாமே உண்பாரை நம் முன்னோர் மதித்திலர். ஆயின், நாம் அழையாமலே வந்து, நம் உடலகத்தே குடிபுகுந்து, நாம் உண்ணும் உணவிலே நாடோறும் பங்குபெறும் விருந்து ஒன்றுண்டு என்பதை நம்மிற் பலர் எண்ணிப் பார்த்ததில்லை. அவ்விருந்து கண்ணுக்குப் புலனாகாதது. நம் பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்க் கூட்டமே அது. நாம் இடும் உணவிற்கேற்ப அக்கூட்டம் நமக்கு நன்மையும் செய்யும், தீமையும் செய்யும். அது எவ்வாறென்பதை எமக்குத் தெரிந்த அளவில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ் பயிலும் மாணவர்க்கு மருத்துவ நூலில் என்ன வேலை என்று அன்பர் சிலர் வினவக்கூடும். வள்ளுவனார் 'மருந்து' என்றொரு அதிகாரம் வகுத்தும், அதன்கண் வேர் இது, பட்டை இது என்று மருந்துகளின் பெயரைக் கூறாது, உண்ணும் அளவையும் முறையையும் பெரும்பாலும் கூறிச் சென்றதனை நாம் அறிவோம். ஆதலின், உணவைப் பற்றிய ஆராய்ச்சி தமிழ் மாணவர்க்குப் புறம்பானது அன்று. அன்றியும், எம்மை இத்துறையில் புகச் செய்தது நூல் மட்டுமன்று. எம் இல்லத்தே நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியுமாகும்.

சென்ற விடுமுறையில் எம் விடுதி நண்பர் ஒருவர் முன்னறிவிப்பின்றி எம் ஊருக்கு வந்தார். காலை வேளை. யாம் திண்ணையில் அமர்ந்து, எம் ஆச்சி பிசைந்து தந்த பழையதை மோரும் சிறுவெங்காயமும் கூட்டி உண்டுகொண்டிருந்தோம். நண்பர் தெருமுனையில் வரக் கண்டதும், யாம் அவ்வட்டிலை எடுத்துக்கொண்டு அடுக்களைக்கு ஓடி, கையைக் கழுவிவிட்டு, ஏதும் உண்ணாதவர்போல் வந்து நின்றோம். நண்பர் சென்றபின் ஆச்சி எம்மை நோக்கி, "ஏன் ஐயா, நீ தின்று வளர்ந்த சோறு இன்றைக்கு உனக்கு ஆகாததாய்ப் போயிற்றோ?" என்று கேட்டார்கள். அவர்கள் குரலில் சினம் இல்லை. ஆயினும் அக்கேள்வி எம் நெஞ்சைவிட்டு அகலவில்லை. ஏழையின் உணவு என்பதனாலன்றோ யாம் அதனை மறைத்தோம்? அவ்வுணவு உண்மையிலேயே இழிந்ததுதானா என்று அறிய விரும்பியே விலங்கியல் பயிலும் நண்பர்களையும் நூலகத்தையும் நாடினோம். அங்ஙனம் அறிந்தவற்றையே ஈண்டுத் தொகுத்துரைக்கின்றோம்.

நுண்ணுயிர்களை முதன்முதற் கண்டவர் பல்கலைக்கழகப் புலவரல்லர். ஹாலந்து நாட்டு டெல்ஃப்ட் நகரில் துணி வாணிகம் செய்த ஆந்தனி வான் லூவன்ஹூக் என்பவர். தாமே தேய்த்துச் செய்த கண்ணாடிச் சில்லின் வாயிலாக அவர் மழைநீரையும், தம் பல்லிற் படிந்த அழுக்கையும், தம் மலத்தையுமே நோக்கினார். பல்லழுக்கில் எண்ணிறந்த சிற்றுயிர்கள் நெளிந்தாடக் கண்டு 1683-ம் ஆண்டில் இலண்டன் இராயல் சங்கத்தார்க்குக் கடிதம் எழுதினார். இரு நூற்றாண்டுகள் கழிந்து, 1885-ம் ஆண்டில், தியோடர் எஷரிக் என்னும் ஜெர்மானிய மருத்துவர் குழந்தைகளின் குடலில் வாழும் நுண்ணுயிர்களை ஆராய்ந்து வெளியிட்டார். அவர் பெயராலேயே ஒரு நுண்ணுயிர் இன்று வழங்குகிறது. அக்காலத்தே நுண்ணுயிர் என்றவுடன் காலரா, காசம் முதலிய நோய்களே மக்கள் நினைவுக்கு வந்தன. ஆதலின் கிருமி எல்லாம் பகையென்னும் எண்ணம் வேரூன்றிற்று. அவ்வெண்ணம் முழுதும் உண்மையன்று என்பதே பின்னை ஆராய்ச்சிகள் காட்டிய செய்தி.

நம் உடலில் இவ்வுயிர்கள் எத்துணை? உடலணு ஒன்றிற்கு நுண்ணுயிர் பத்து என்று நெடுங்காலம் நூல்களில் எழுதப்பட்டு வந்தது. 2016-ம் ஆண்டில் இஸ்ரவேல் நாட்டு அறிஞர்கள் அக்கணக்கை மீண்டும் ஆராய்ந்து, அது பிழையெனக் காட்டினர். எழுபது கிலோ எடையுள்ள ஓர் ஆடவன் உடலில் ஏறத்தாழ 30 இலட்சம் கோடி உடலணுக்களும், 38 இலட்சம் கோடி நுண்ணுயிர்களும் உள்ளன என்பது அவர்கள் மதிப்பு. அந்நுண்ணுயிர்களின் எடை முழுவதும் சேர்ந்து 200 கிராம் அளவே. இவற்றுள் மிகப் பெரும்பகுதி பெருங்குடலிலேயே உறைகின்றது. கையளவேயாயினும் இதன் வினைத்திறன் வியக்கத்தக்கது.

அவ்வினையை அறிய, நாம் உண்ட ஒரு கவளத்தின் பின்னே சிறிது தூரம் செல்வோம். வாயில் மென்ற சோறு இரைப்பையில் அமிலத்தோடு கலந்து குழம்பாகிச் சிறுகுடலை அடைகின்றது. அங்கே மாப்பொருள் சர்க்கரையாகவும், புரதமும் கொழுப்பும் தத்தம் கூறுகளாகவும் பிரிந்து குருதியிற் கலக்கின்றன. பெரும்பான்மை உணவின் பயணம் ஈண்டே முடிகின்றது. ஆயினும் கீரையின் நார், பயற்றின் தோல், தானியத்தின் தவிடு, வாழைத்தண்டின் இழை ஆகியவற்றைப் பிரிக்கும் ஆற்றல் நம் செரிமான நீர்களுக்கு இல்லை. மாப்பொருளிலும் ஒரு பகுதி எளிதிற் கரையாது எஞ்சி நிற்கும். இவையனைத்தும் செரியாமலே பெருங்குடலைச் சென்றடைகின்றன. நமக்கு ஆகாத இவ்வெச்சமே நம் விருந்தினர்க்கு அமுதாகின்றது. நார்ப்பொருளைப் பிரிக்க நம்மிடம் இல்லாத கருவிகள் அவற்றினிடம் உள்ளன. குடல்வாழ் நுண்ணுயிர்களுள் ஒன்று மட்டுமே அத்தகைய நொதிகள் இருநூற்றுக்கு மேற்பட்டவற்றை ஆக்கவல்லது.

உண்ட விருந்தினர் வாளாவிருப்பதில்லை. நாரைப் புளிக்கச் செய்து, அசெடிக், புரொப்பியோனிக், பியூட்டிரிக் என்னும் மூவகைக் குறுங்கொழுப்பு அமிலங்களை அவை வெளியிடுகின்றன. இவற்றுள் பியூட்டிரிக் அமிலம் பெருங்குடற் சுவரின் அணுக்களுக்கு முதன்மையான உணவாகும். உடலின் ஏனைய உறுப்புக்களெல்லாம் குருதி கொணரும் உணவையே பெரிதும் நம்பி வாழ, பெருங்குடலின் உட்சுவரோ தன் விருந்தினர் சமைத்தளிக்கும் உணவால் வாழ்கின்றது. மேலும், இவ்வமிலங்கள் குடலினின்று உப்பும் நீரும் உடலுக்குள் ஈர்க்கப்படத் துணைபுரிகின்றன, அழற்சியைத் தணிக்கின்றன, குடலகத்துப் புளிப்பை மிகுத்து, நோய்க்கிருமிகள் சில தழைக்கவொட்டாமல் தடுக்கின்றன. சில நுண்ணுயிர்கள் 'கே' வைட்டமினையும், 'பி' வகை வைட்டமின்கள் சிலவற்றையும் ஆக்குகின்றன. ஓம்பினார்க்கு விருந்தினர் செய்யும் கைம்மாறு இது.

அவ்விருந்தினர்க்கு உணவிடாதொழியின் என்னாகும்? இதனை 2016-ம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி எலிகளின்பால் வைத்துக் காட்டிற்று. குடற்சுவரின்மேல் வழுவழுப்பான சளிப்படலம் ஒன்றுண்டு. நுண்ணுயிர்கள் சுவரைத் தீண்டாதபடி காக்கும் மதில் அதுவேயாகும். நாரில்லாத உணவைத் தொடர்ந்து தின்ற எலிகளின் குடலில், பசித்த நுண்ணுயிர்கள் அப்படலத்தையே தின்னத் தலைப்பட்டன. மதில் மெலியவே, குடல்நோய் விளைக்கும் கிருமி எளிதில் உட்புகுந்தது. பசித்த விருந்தினர் வீட்டுக் கூரையைப் பிய்த்துத் தின்றதை ஒக்கும் இது. எலியினிடத்துக் கண்டது மனிதரிடத்தும் அவ்வாறே நிகழுமென்று உடனே துணிதல் கூடாது. எனினும் எண்ணிப் பார்க்கத் தக்க செய்தியே.

இயற்கை இவ்விருந்தோம்பலைத் தாய்ப்பாலிலேயே தொடங்கி வைத்திருப்பதை அறிந்தபோது யாம் பெரிதும் வியந்தோம். தாய்ப்பாலில் பாற்சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் அடுத்தபடியாக மிகுந்துள்ள திடப்பொருள் யாது? குழந்தையால் செரிக்கவே இயலாத ஒருவகைச் சர்க்கரைத் தொடர்கள். செரியாத ஒன்றைத் தாயின் உடல் வருந்தி ஆக்குவானேன்? அவை குழந்தைக்கு அல்ல, குழந்தையின் குடலில் குடிபுகும் பைஃபிடோ நுண்ணுயிர்களுக்கு உரியன என்பதே விடை. பாரிஸ் பாஸ்டர் நிலையத்தைச் சேர்ந்த ஹென்றி டிசியே என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தாய்ப்பாலுண்ட குழந்தைகளிடத்தே கண்ட நுண்ணுயிர் இதுவே. தாய் தன் மகவுக்கு மட்டுமன்றி, மகவைக் காக்கும் சிற்றுயிர்க்கும் சேர்த்தே பாலூட்டுகின்றாள்.

நிற்க. உணவு மாறின் குடல்வாழ் கூட்டமும் மாறுமோ? மாறும், அதுவும் மிக விரைவில் மாறும். 2014-ம் ஆண்டில் அமெரிக்க அறிஞர்கள் தாமே இசைந்து வந்தோர் சிலர்க்கு ஐந்து நாள் இறைச்சியும் முட்டையும் பாலாடைக்கட்டியும், பிறிதோர் ஐந்து நாள் தானியமும் பருப்பும் காய்கனியும் உணவாக அளித்து ஆராய்ந்தனர். இறைச்சி உணவு குடலை அடைந்த ஓரிரு நாளிலேயே பித்தநீரைத் தாங்கி வாழும் நுண்ணுயிர்கள் பெருகின. தாவர நாரைப் பிரிப்பன குறைந்தன. பழைய உணவுக்கு மீண்டபின் கூட்டமும் சில நாளில் பழைய நிலைக்கு மீண்டது.

இனி நாடும் நாடும் ஒப்பிட்டு நோக்குவோம். 2010-ம் ஆண்டில் இத்தாலிய அறிஞர்கள் ஆப்பிரிக்காவின் புர்க்கினா பாசோ நாட்டுச் சிற்றூர்க் குழந்தைகளையும் தம் ஃபிளாரன்ஸ் நகரக் குழந்தைகளையும் ஒப்பிட்டனர். அச்சிற்றூரார் உண்பன கம்பு, சோளம், காராமணி, கீரை என்பன. நம் கரிசற்காட்டு உழவர் உணவும் ஏறக்குறைய இதுவன்றோ? அக்குழந்தைகளின் குடலில் நாரைப் பிரிக்கும் நுண்ணுயிர்கள் மிகுந்திருந்தன; மேற்கூறிய நல்லமிலங்களும் நகரக் குழந்தைகளினும் மிகுதியாயிருந்தன.

பெருங்குடற் புற்றுநோயும் உணவும் தொடர்புடையன என்னும் கருத்தை வலியுறுத்தியவர்களுள் ஒருவர், உகாண்டா நாட்டில் பல்லாண்டு அறுவை மருத்துவராகப் பணிபுரிந்த டெனிஸ் பர்க்கிட் ஆவார். தவிடும் நாரும் மிகுதியாக உண்ட ஆப்பிரிக்கச் சிற்றூர் மக்களிடத்தே அந்நோய் அரிதாயிருந்ததை அவர் கண்டு, 1970-ம் ஆண்டை ஒட்டிப் பலகாலும் எழுதியும் பேசியும் வந்தார். 2015-ம் ஆண்டில் அக்கருத்தை நேரே சோதிக்கும் ஆராய்ச்சி ஒன்று வெளிவந்தது. தென்னாப்பிரிக்கச் சிற்றூரார் இருபதின்மரும், அமெரிக்காவில் வாழும் ஆப்பிரிக்க மரபினர் இருபதின்மரும் இரு வார காலம் தம் உணவை மாற்றிக்கொண்டனர். நார் மிக்க, கொழுப்புக் குறைந்த உணவை உண்ட அமெரிக்கரின் குடலில் பியூட்டிரிக் அமிலம் பெருகிற்று. அழற்சிக் குறிகள் தணிந்தன. கொழுப்பு மிக்க, நார் குறைந்த உணவை உண்ட ஆப்பிரிக்கரிடத்தே இவையனைத்தும் தலைகீழாயின. இரு வாரத்தில் புற்றுநோய் தோன்றுவதுமில்லை, நீங்குவதுமில்லை. ஆயினும் குடல் எத்துணை விரைவில் உணவுக்கு விடை பகர்கின்றது என்பது இதனால் விளங்கும்.

மற்றுமோர் ஆராய்ச்சி இதனினும் நுட்பமானது. 2013-ம் ஆண்டில், ஒருவர் பருத்தும் மற்றவர் மெலிந்தும் இருந்த இரட்டையரின் குடல்வாழ் நுண்ணுயிர்களை, நுண்ணுயிர் ஏதுமின்றி வளர்க்கப்பட்ட எலிகளுக்கு அறிஞர்கள் செலுத்தினர். பருத்தவருடையதைப் பெற்ற எலி கொழுத்தது. மெலிந்தவருடையதைப் பெற்றது அவ்வாறு கொழுக்கவில்லை. இவ்விருவகை எலிகளையும் ஒரே கூட்டில் விட்டபோது, மெலிந்த எலியின் நுண்ணுயிர்கள் மற்றதன் குடலிலும் குடிபுகுந்து, அது கொழுக்காமற் காத்தன. ஆயின், கொழுப்பு மிக்கதும் காய்கனி குறைந்ததுமான உணவு தரப்பட்டபோது அங்ஙனம் குடிபுகவில்லை. நல்லுயிரை வரவழைத்தல் மட்டும் போதாது. அது தங்குதற்குரிய உணவும் வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

இதுகாறும் கூறியன உண்டு கொழுத்தாரைப் பற்றியன. இனி உண்ண இல்லாதாரைப் பற்றிக் கூறுவோம். இதுவே எம் உள்ளத்தை மிகவும் தொட்ட பகுதி. வங்காள தேசத்து டாக்கா நகரில் மீர்ப்பூர் என்றொரு பகுதியுண்டு. அங்குள்ள சேரிகளில் ஊட்டமின்றி மெலிந்த குழந்தைகள் பலர். ஊட்டமற்ற குழந்தைக்கு ஊட்டமுள்ள உணவைக் கொடுத்தால் தேறிவிடும் என்றே நாம் எண்ணுவோம். ஆனால் பலர் முற்றும் தேறுவதில்லை. இதன் காரணத்தை, டாக்காவிலுள்ள பன்னாட்டு ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த தஹ்மீது அகமது என்பாரும், அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரத்து ஜெஃப்ரி கார்டன் என்பாரும் தத்தம் குழுவினருடன் ஆராய்ந்தனர். குழந்தை வளருந்தோறும் அதன் குடல்வாழ் கூட்டமும் படிப்படியாக முதிர்ச்சியடையும். பசியால் வாடிய குழந்தைகளிடத்தோ, ஆண்டுக்கேற்ற அம்முதிர்ச்சி இல்லை. உடல் மட்டுமன்று, உடலகத்துக் கூட்டமும் வளராது நின்றுவிட்டது என 2014-ம் ஆண்டில் அவர்கள் வெளியிட்டனர்.

அதன்பின், அக்கூட்டத்தை முதிரச் செய்யும் உணவு யாதென்று தேடினர். அவர்கள் கண்டுபிடித்தது விலையுயர்ந்த மருந்தன்று. கடலைமாவு, நிலக்கடலை, சோயா மொச்சை, வாழைக்காய் ஆகியன சேர்ந்த ஒரு கூழ். 12 முதல் 18 மாதம் வரை அகவையுடைய குழந்தைகளுள் ஒரு சாரார்க்கு இதனையும், மற்றொரு சாரார்க்கு அரிசி, பருப்பு, பாற்பொடி கலந்த வழக்கமான ஊட்ட உணவையும் மூன்று மாதம் நாடோறும் இருவேளை கொடுத்தனர். முழுதும் பங்கு கொண்ட குழந்தைகள் 118 பேர். 2021-ம் ஆண்டில் வெளிவந்த முடிவு இது: புதிய கூழ் கலோரி அளவில் குறைந்ததாயிருந்தும், அதனை உண்ட குழந்தைகளே விரைவாக எடை கூடின. குடல்வாழ் கூட்டத்தைத் திருத்தாமல் குழந்தையைத் திருத்தல் அரிது என்பதை இஃது உணர்த்துகின்றது. நம் அடுக்களையில் எளிதாகக் கிடைக்கும் வாழைக்காய்க்கும் கடலைக்கும் உலகத்து அறிஞர் அவையில் இத்தகைய இடம் கிடைக்குமென்று யார் கனவு கண்டார்?

இத்துறையில் நம் நாட்டார் பின்தங்கியவரல்லர். ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ம் ஆண்டில் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய பணியினின்று வளர்ந்த வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, குடல்நோய் ஆராய்ச்சியிற் புகழ் பெற்றது. சிறுகுடலில் வாழும் நுண்ணுயிர்கள் சில 'பி-12' என்னும் வைட்டமினை ஆக்கவல்லன என்று அங்கிருந்தோர் 1980-ம் ஆண்டில் காட்டினர். 2000-ம் ஆண்டில், இராமகிருஷ்ணர் தலைமையில் அங்குப் பணிபுரிந்த மருத்துவர்கள் காலரா நோயாளர் 48 பேரிடம் ஓர் ஆராய்ச்சி நடத்தினர். உப்பும் சர்க்கரையும் கலந்த வழக்கமான நீரோடு, சிறுகுடலில் செரியாத சோளமாப்பொருளைச் சிலர்க்குச் சேர்த்துக் கொடுத்தனர். அம்மாப்பொருள் பெருங்குடலை அடைந்து, நுண்ணுயிர்களால் நல்லமிலமாகி, இழந்துபோகும் உப்பையும் நீரையும் உடலுக்குள் மீட்டுத் தந்தது. வெறும் உப்புநீர் பருகினோரினும் அவர்களுக்குப் பேதி குறைந்து விரைவில் நின்றது. கொடிய நோய்க்கிருமியின் நடுவேயும் நம் பழைய விருந்தினர் உதவிக்கு வருகின்றனர் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இனி எம் ஆச்சியின் கேள்விக்கு வருவோம். வடித்த சோறு ஆறும்போது அதன் மாப்பொருளில் ஒரு பகுதி இறுகி, எளிதிற் செரியாத நிலையை எய்துகின்றது. இரவு முழுதும் நீரில் ஊறும்போது பால்புளிப்பு நுண்ணுயிர்கள் அதிற் பெருகி மென்மையாகப் புளிக்கச் செய்கின்றன. உடன் கூட்டிய மோரிலும் அத்தகைய உயிர்கள் உள்ளன. சிறுவெங்காயத்திலோ குடல்வாழ் உயிர்கள் விரும்பியுண்ணும் ஒருவகை நார் உண்டு. ஆகவே யாம் மறைத்த அவ்வட்டில் இழிவானதன்று. ஆயினும் அதனைச் சர்வரோக நிவாரணி என்று முழங்குவதும் பொருந்தாது. இறுகும் மாப்பொருளின் அளவு சிறிதே. தீட்டிய அரிசியில் தவிடும் இல்லை. தூய நீரும் தூய பானையும் இல்லாவிடின் பழையதே நோய்க்கும் வித்தாகும். அதனை உண்டவர் பலர் ஆராய்ந்து தெளிந்து உண்டாரல்லர், வேறின்மையால் உண்டார். வறுமையை நலவாழ்வென்று புகழ்தல் வறியாரை எள்ளுவதேயாகும்.

புளித்த உணவைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். ருசிய நாட்டிற் பிறந்து பாஸ்டர் நிலையத்திற் பணிபுரிந்து 1908-ம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற மெச்னிகாஃப் என்னும் பேரறிஞர், புளித்த பால் முதுமையைத் தள்ளிவைக்கும் என்று நம்பித் தாமும் அதனைப் பருகிவந்தார். ஐரோப்பா எங்கும் மக்கள் புளித்த பாலைத் தேடி ஓடினர். அவரோ 1916-ம் ஆண்டில் தம் 71-ம் அகவையில் மறைந்தார். அப்பாலின் நுண்ணுயிர் மனிதர் குடலில் நிலைத்துத் தங்குவதில்லை என்று பின்வந்தோர் கண்டனர். எனினும் அவர் கருத்து முழுதும் பொய்க்கவில்லை. 2021-ம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 36 பேரிடம் நடத்திய ஆராய்ச்சியில், பத்து வாரம் தயிரும் புளிக்கவைத்த காய்கறியும் போன்றவற்றை மிகுதியாக உண்டவர்களின் குடலில் நுண்ணுயிர் வகைகள் பெருகி, அழற்சிக் குறிகளும் குறைந்தன. நார் உணவை மிகுத்தவரிடத்தே அக்கால எல்லைக்குள் வகைகள் பெருகவில்லை. உண்மை ஒரே படியில் வந்து நிற்பதில்லை என்பதற்கு இது சான்று. நம் இட்டலி மாவும் புளித்ததே. ஆயின் ஆவியில் வேகும்போது அவ்வுயிர்கள் மடிந்துவிடும். இட்டலி எளிதிற் செரிக்கும் நல்லுணவு. உயிருள்ள நுண்ணுயிரை வேண்டுவார் தயிரையும் மோரையும் நாடுக.

குடல்வாழ் கூட்டத்தை உணவு மட்டுமன்றி மருந்தும் மாற்றும். கிருமிக்கொல்லி மருந்துகள் உயிர்காக்கும் பெருங்கொடை என்பதில் ஐயமில்லை. ஆனால் அவை பகையையும் நட்பையும் வேறுபடுத்தி அறிவதில்லை. எம் விடுதியில் சிலர் சளி பிடித்தவுடன் அடுத்தவர் அலமாரியில் எஞ்சிய மாத்திரையை வாங்கி விழுங்குவதைக் கண்டிருக்கின்றோம். சளியைத் தரும் நச்சுயிரை அம்மாத்திரை கொல்லாது. குடலிலுள்ள நல்லுயிர்களை மட்டும் கொல்லும். மருத்துவர் தந்தால் அவர் கூறிய அளவில் உண்க. தாராவிடின் தாமே தேடி உண்ணற்க.

இக்காலத்தே மனச்சோர்வு முதல் மூட்டுவலி வரை அனைத்திற்கும் குடல்வாழ் உயிர்களே காரணமென்று கூறி, பொடியும் மாத்திரையும் விற்பார் பெருகிவிட்டனர். இரு பொருள்கள் உடன் காணப்படுவது ஒன்று. அவற்றுள் ஒன்று மற்றொன்றிற்குக் காரணமாவது வேறொன்று. எலியிற் கண்டதை மனிதர்மேல் ஏற்றுவதற்குமுன் பல படிகள் கடக்கவேண்டும். இவ்வேறுபாட்டை அறிதலே கல்லூரிக் கல்வியின் பயன்.

அங்ஙனமாயின் மாணவராகிய நாம் செய்யத்தக்கது யாது? அகவை முதிர்ந்தோர் நாளொன்றுக்கு 400 கிராமுக்குக் குறையாது காய்கனியும், உணவின் வாயிலாக 25 கிராமுக்குக் குறையாது நாரும் கொள்ளவேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் 2023-ம் ஆண்டில் வகுத்துரைத்தது. இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. காலை உணவை ஒழித்துவிட்டு, பத்து மணிக்கு வறுவலும் இனிப்பு நீரும் வாங்கும் காசில் வாழைப்பழமும் அவித்த பயறும் கிடைக்கும். விடுதிக் குழுவினர் வாரத்தில் ஓரிரு நாளேனும் கேழ்வரகோ கம்போ சேர்ப்பாராயின் நலம். தட்டின் ஓரத்தே ஒதுக்கப்படும் கீரையும் பொரியலும் நம் விருந்தினர்க்கு உரிய பங்கு என்பதை நினைத்தல் வேண்டும். உணவின் வகைகள் பலவாயின் அதனை உண்ணும் நுண்ணுயிரும் பலவாகும். ஆனால் ஒரே நாளில் அனைத்தையும் மாற்றினால் வயிறு பொருமும். சிறிது சிறிதாகவே மிகுத்தல் தக்கது. குடல்நோய் உடையார் மருத்துவரைக் கேட்டே நடத்தல் வேண்டும்.

அன்பர்களே! நாம் தனியே உண்பதில்லை; தனியே வாழ்வதுமில்லை. நம்முள் வாழும் கோடானுகோடி உயிர்கள் நம் ஒவ்வொரு கவளத்திற்கும் காத்திருக்கின்றன. அவற்றை ஓம்புவோர் தம்மையே ஓம்பினோர் ஆவர்.

இக்கட்டுரையை எழுதத் தொடங்கியபின் ஒருமுறை ஊருக்குச் சென்றோம். அம்முறை அந்நண்பரையும் யாமே அழைத்துச் சென்றோம். காலையில் ஆச்சி ஒன்றும் கூறாமல் இரண்டு வட்டில்களை எடுத்து வைத்தார்கள். நண்பர் ஒரு வாய் உண்டு, "எங்கள் வீட்டிலும் இதுதான், உங்களிடம் சொல்ல எனக்கு வெட்கமாயிருந்தது" என்றார். எம் இருவர்க்கும் அதுகாறும் இருந்த நாணம் அன்றோடு ஒழிந்தது.